அசையாத போல்ட்டை உடைக்காமல் கழற்றுவது

போல்ட் உடையும்போது பெரிய சத்தம் எதுவும் வராது. அதுவரை கல் மாதிரி நின்ற ஸ்பேனர் திடீரென்று லேசாகும். 'அப்பாடா, இளகிவிட்டது' என்று ஒரு நொடி தோன்றும். அப்புறம்தான் சாக்கெட்டுக்குள் தலையோ நட்டோ மட்டும் தனியாக வந்திருப்பது தெரியும். நான் முதன்முதலாக அப்படி முறித்தது ஒரு பழைய காரின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) இருந்த 8 மி.மீ. ஸ்டட், அதாவது தலைக்குப் பதில் நட்டு போடும் போல்ட். திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே பல ஆண்டுகள் நின்ற வண்டி அது. அரை மணி நேர வேலை என்று தொடங்கினேன். மூன்று நாள் ஆனது. நட்டு எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல், எடுத்த எடுப்பில் ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுத்ததுதான் காரணம். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே பிடித்திருக்கிறது?

இறுகிய போல்ட் ஒரே இடத்தில் இறுகுவதில்லை. மரைக்குள் துரு ஏறியிருக்கலாம். தலைக்கு அடியில், வாஷரோடு ஒட்டியிருக்கலாம். துளைக்குள் போல்ட்டின் உடம்பே பிடித்திருக்கலாம். இரும்பு துருவானால் அதன் பருமன் பல மடங்கு பெருகும். மரைக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அந்தத் துரு ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கடல் உப்பு பட்ட வண்டியிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் போல நீரில் நின்ற வண்டியிலும் இது சீக்கிரம் நடக்கும். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் என்றால் கதை வேறு. இரண்டு உலோகம் சேர்ந்து ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, மரையை அடைத்துவிடும்.

புதிதாக வருபவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் இருக்கும் உரசலுக்கே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உரசலுக்கு. மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. கழற்றும்போதும் நாம் மோதுவது பெரும்பாலும் இந்த உரசலோடுதான். அதனால் எண்ணெய் விடும்போது மரைக்கு மட்டும் விட்டால் பாதி வேலைதான். தலைக்கு அடியிலும் போக வேண்டும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். அடியில் போகும் வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். இறுகிய போல்ட்டோடு போராடும்போது வண்டியையே உலுக்குகிறோம், அதனால் இதில் சமரசம் வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கீழே படுத்துத் துருவைத் தட்டினால் அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும். சக்கர நட்டுகளை மட்டும் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று இளக்கிவிட்டு, அப்புறம் தூக்குங்கள்.

அடுத்து, பார்வை. டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். நட்டு சுழலாமல் இருக்கச் செருகி மடிக்கும் காட்டர் பின் இருக்கிறதா? நட்டின் விளிம்பைத் தட்டிப் பள்ளத்தில் மடித்திருக்கிறார்களா? பல வண்டிகளில், முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய ஹப் நட்டு அப்படித்தான் இருக்கும். மடிப்பை நிமிர்த்தாமல் திருப்பினால் மரை போய்விடும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் உறுதி செய்யுங்கள். பெரும்பாலும் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஆனால் சில இடங்களில் எதிர்மரை இருக்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் ஒரு முனை அப்படி இருப்பது உண்டு. தலைகீழாகப் படுத்திருக்கும்போது இடமும் வலமும் குழம்பும். போல்ட்டின் தலையை நேராகப் பார்ப்பதாக மனதில் வைத்துத் திசையைத் தீர்மானியுங்கள். இறுகிப்போன போல்ட்டை இறுக்கும் பக்கமே இழுத்து முறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைப் பளபளவென்று தேய்த்து எடுங்கள். நட்டு இளகி வெளியே வரும்போது அந்த மரை மேல்தான் நடந்து வர வேண்டும். அங்கே துரு கட்டியிருந்தால் பாதி வழியில் மறுபடி சிக்கும். பல போல்ட்கள் அந்த இரண்டாவது சிக்கலில்தான் முறிகின்றன. ஆலன் கீ போடும் தலை என்றால் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் கிளறி எடுங்கள். கீ அடிவரை இறங்காவிட்டால் குழி உருண்டுவிடும்.

எண்ணெய், அப்புறம் காத்திருப்பு

நாளைக்குக் காலையில் வேலை என்றால் இன்று மாலையே எண்ணெய் விடுங்கள். தூங்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை. மயிரிழை இடைவெளியில் எண்ணெய் தானாகவே ஊறி ஏறும். அதற்கு நேரம் மட்டும்தான் தேவை. எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும்படி மேல்பக்கம் எது என்று பார்த்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் துருவில் விரிசல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

எந்த எண்ணெய்? நம் ஊரில் எல்லாரும் கைவசம் வைத்திருப்பது டபிள்யூடி-40. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஏவுகணையின் உலோக மேற்பரப்பில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்யப்பட்ட கலவை அது. நீரை விரட்டும் நாற்பதாவது முயற்சி என்பதுதான் பெயரின் பொருள். லேசான துருவுக்குப் போதும். கடுமையாகப் பிடித்ததற்கு, துருவுக்குள் ஊடுருவவென்றே விற்கும் ஸ்ப்ரே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு விடும் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துபவர்கள் பலர் உண்டு. நன்றாக ஊறும், ஆனால் நின்றால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். நெருப்புப் பக்கம் போகவே கூடாது. பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் விடுவார்கள். வேலை செய்யும், மெதுவாக. எதை விட்டாலும் பிரேக் டிஸ்க், பேட் மேல் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

சரியான ஸ்பேனர்

அடம் பிடிக்கும் போல்ட்டில் ஓபன் ஸ்பேனரைப் போடாதீர்கள். அது இரண்டு முகத்தை மட்டும் பிடிக்கும். வாய் லேசாக விரிந்தாலே மூலைகளை மழித்துவிடும். பன்னிரண்டு முனை உள்ள ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் மூலையோரத்தில்தான் பிடிக்கின்றன. ஆறு முனை சாக்கெட் முகத்தின் மேலேயே அழுத்தும். புதிதாகக் கருவி வாங்குபவர் முதலில் 8 முதல் 19 மி.மீ. வரை ஆறு முனை சாக்கெட் செட் ஒன்று வாங்கட்டும் என்பேன்.

அளவில் ஒரு மி.மீ. குழப்பம் போதும், தலை வழுக்கிவிடும். ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளில் 8 மி.மீ. மரை போல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 12, 10 மி.மீ. மரைக்கு 14. ஐரோப்பிய வழியில் வந்தவற்றில் அவையே 13, 17 அல்லது 16 ஆக இருக்கும். 12க்குப் பதில் 13 ஸ்பேனர் மாட்டினால் 'கொஞ்சம் லூசு' என்றுதான் தோன்றும். அந்தக் கொஞ்சத்தில்தான் மூலை போகும். துரு தின்று தலை சிறுத்திருந்தால் ஒரு அளவு கீழே உள்ள சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள்.

சரி, எவ்வளவு பலம் கொடுக்கலாம்? கணக்கு தெரிந்தால் கை தானே அடங்கும். 6 மி.மீ. போல்ட்டின் முறையான இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு). 20 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டாலே அந்த அளவு வந்துவிடும். தலையில் 8.8 என்று வலிமைத் தர முத்திரை உள்ள 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 25, 10 மி.மீ.க்குச் சுமார் 50. அதைவிட ஒன்றரை மடங்கு போனாலே முறியும் ஆபத்து வந்துவிடுகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 30 செ.மீ. ஸ்பேனர் மேல் முழு எடையையும் போட்டால் 190 நியூட்டன் மீட்டர். என் ஸ்டட் ஏன் முறிந்தது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். நீளமான பிரேக்கர் பாரும் (சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கம்பி) குழாயும் சக்கர நட்டு, ஹப் நட்டு, சஸ்பென்ஷன் போல்ட் போன்ற தடித்தவற்றுக்கு மட்டும்.

தட்டு, இறுக்கு, இளக்கு

ஊறிய பிறகு போல்ட்டின் தலையில் நேராக, அழுத்தமாக ஐந்தாறு அடி. இந்த அதிர்ச்சி தலைக்கு அடியில் உள்ள ஒட்டலை உடைக்கும். மரை முனையில் அடிக்க வேண்டியிருந்தால் பழைய நட்டு ஒன்றை அங்கே திருகி, முனையோடு சமமாக நிறுத்தி அடியுங்கள். இல்லாவிட்டால் முனை காளான் போல் விரிந்து நட்டு வெளியே வராது. அலுமினிய வார்ப்பின் மேல் மட்டும் ஓங்கி அடிக்காதீர்கள், விரிசல் விடும்.

இப்போது ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஒரு அழுத்து. துளி அசைந்தாலும் போதும். துருவின் பிடி உடைந்துவிட்டது என்று பொருள். பிறகு இளக்கும் பக்கம். இழுப்பு உங்களை நோக்கி, சீராக இருக்கட்டும். தள்ளினால், இளகும் நொடியில் விரல் முட்டி எதன் மேலாவது போய் மோதும்.

இந்த இடத்தில் கை சொல்வதைக் கேட்க வேண்டும். இளகும் போல்ட் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், அல்லது கரகரவென்று நகரும். முறியப் போகும் போல்ட் சத்தமே போடாது. ரப்பரை முறுக்குவது போல் மெத்தென்று வளைந்து கொடுக்கும். கையை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த மெத்தென்ற உணர்வு வந்தால் உடனே நிறுத்துங்கள். போல்ட் திரும்பவில்லை, முறுக்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி எண்ணெய், மறுபடி தட்டு, இன்னொரு அரை மணி நேரம்.

நகர ஆரம்பித்துவிட்டால் உற்சாகத்தில் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, இரண்டு சொட்டு எண்ணெய். மறுபடி அரை சுற்று வெளியே. வெளியே வரும் எண்ணெய் செம்மண் நிறத்தில் இருக்கும். அதுதான் மரைக்குள் இருந்த துரு. இறுக்கமாகிக்கொண்டே போனால் உள்ளே திருப்பிவிடுங்கள். 12 மி.மீ. நட்டு ஒன்றுக்கு இப்படி இருபது நிமிடம் ஆனால் அது நல்ல வேகம்தான்.

பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் சிறிய நட்சத்திரத் திருகுகளுக்குக் கை திருப்புளி போதாது. சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். அடி திருகை உள்ளே அழுத்தியபடியே திருப்புவதால் பள்ளம் சிதையாது.

சூடு

எண்ணெயும் தட்டும் தோற்ற இடத்தில் நெருப்பு ஜெயிக்கும். நட்டைச் சுற்றிச் சுடுங்கள், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால் பிடி தளரும். விரிவு என்னவோ சிறியதுதான்: 10 மி.மீ. இரும்புத் துளை 400 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.05 மி.மீ. அளவுதான் பெரிதாகும். ஆனால் துருவை நொறுக்க அது தாராளம். சுட்டு, சற்று ஆறவிட்டு, இன்னும் சூடு இருக்கும்போதே மெழுகுவத்தியை மரை மேல் தொடுங்கள். உருகிய மெழுகு உள்ளே ஓடும். அதன் பிறகு ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். எனக்கு மேனிஃபோல்ட் நட்டுகளில் இதைவிடக் கைகொடுத்த வழி இல்லை. மரைக்குப் பசை போட்டு இறுக்கிய போல்ட்டுக்கும் சூடுதான் மருந்து.

இங்கே பயம் இருப்பது நல்லது. பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், ஒயரிங், காஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர், ஏர்பேக் பாகங்கள், சிஎன்ஜி சிலிண்டர் எதன் பக்கத்திலும் நெருப்பு வேண்டாம். விட்ட எண்ணெயை முதலில் துடைத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சுட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துத்தநாகப் பூச்சு உள்ள போல்ட்டைச் சுட்டால் வரும் புகையும் உடம்புக்கு ஆகாது, திறந்த வெளியில் செய்யுங்கள். அலுமினியம் சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகிவிடும். நிறத்தைப் பார்த்துச் சூடு கணிக்க முடியாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் போல்ட்டைச் சிவக்கச் சுட்டீர்கள் என்றால் அதன் வலிமை போய்விட்டது, மறுபடி போடாதீர்கள்.

புஷ்ஷில் சிக்கிய போல்ட்

சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் முனையில் புஷ் என்ற ரப்பர் உருளை இருக்கும். அங்கே நட்டு சுலபமாக வந்துவிடும், போல்ட் மட்டும் வராது. திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப வந்துவிடும். போல்ட்டின் உடம்பு புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டியிருக்கிறது. மரைக்கு எவ்வளவு எண்ணெய் விட்டும் பயன் இல்லை. குழாயின் இரண்டு முனையிலும் விட வேண்டும். பழைய நட்டைப் பாதி திருகி, அதன் மேல் கனமான சுத்தியல். அப்படியும் வராவிட்டால், எப்படியும் புஷ் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஹாக்ஸா பிளேடு விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். சைலன்சர் ஃபிளேஞ்ச் போல்ட்களுக்கும் என் யோசனை அதுதான். புதிய போல்ட் மலிவு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை மலிவு அல்ல.

பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளில் மட்டும் அவசரமே கூடாது. நடுவில் துளை உள்ளதால் சட்டென்று நசுங்கி முறியும். துளைக்குள் அளவாகப் பொருந்தும் டிரில் பிட்டின் தண்டைச் செருகி, ஆறு முனை சாக்கெட் போட்டு, லேசாகத் தட்டித் தட்டித் திருப்புங்கள்.

தலை வழுக்கினால், முறிந்தால்

மூலை மழிந்த தலைக்கு முதலில், இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் இடுக்கியான வைஸ் கிரிப். பிடிப்பு இல்லாவிட்டால் அரத்தால் இரண்டு முகத்தைச் சமமாகத் தேய்த்துச் சின்ன ஸ்பேனர் போடலாம். நட்டு என்றால் உளியால் ஒரு பக்கம் வெட்டிப் பிளந்துவிடலாம்.

ஸ்டட் முறிந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் செய்வதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. பிடிக்க ஒரு தலையும் கிடைக்கிறது, வெல்டிங் சூடு துருவையும் நொறுக்குகிறது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மூன்றாம் நாள் என் ஸ்டட்டும் அப்படித்தான் வந்தது. பக்கத்துத் தெருப் பட்டறையில் நட்டை ஒட்டவைத்து, சிவப்பு மங்கும் வரை காத்திருந்து, ஒரு கையால் திருப்பி எடுத்துக் கொடுத்தார்கள்.

மட்டமாக முறிந்திருந்தால் சென்டர் பஞ்சால் சரியாக நடுவில் குறி வைத்து, சின்ன பிட்டில் தொடங்கித் துளை போட வேண்டும். எதிர்த்திசையில் சுழலும் பிட் கிடைத்தால் துளை போடும்போதே சில சமயம் மிச்சம் கழன்று வந்துவிடும். துளைக்குள் செருகி மிச்சத்தைத் திருப்பி எடுக்கும், ஈஸி அவுட் எனப்படும் கூம்பு ஆணியைப் புதியவர்கள் தொடாமல் இருப்பது மேல். அது உள்ளே முறிந்தால், அந்தக் கடினமான உருக்கைச் சாதாரண பிட் துளைக்காது. எஞ்சின் ஹெட்டில் மட்டமாக முறிந்ததைத் தயங்காமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

திரும்பப் போடும்போது

துளைக்குள் பொருத்தமான டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்து, ஊதித் தூசியை எடுங்கள். போல்ட்டை முதல் நாலைந்து சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். ஸ்பேனரால் தொடங்கினால் மரை குறுக்கே ஏறும். எக்சாஸ்ட் மரைகளுக்குச் மரை மறுபடி பிடிக்காமல் இருக்கப் பூசும், செம்பு கலந்த ஆன்டி சீஸ் கொஞ்சம் தடவுங்கள். தடவிய மரையில் உரசல் குறைவு, அதே முறுக்குக்கு இறுக்கம் கூடிவிடும், குறைத்து இறுக்குங்கள். சக்கர நட்டுகளுக்கு எதுவும் தடவாமல், வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) போட்டு இறுக்கி, சில நாள் ஓட்டிய பின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

மாற்ற வேண்டிய போல்ட்டைக் குப்பையில் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். சென்னையின் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், நீளம், மரையின் நெருக்கம், தலையில் உள்ள 8.8 அல்லது 10.9 முத்திரை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 10.9 இருந்த இடத்தில் 8.8 வேண்டாம்.